வைண்டரா, லாச்சியா? கொழும்பு ஈரக்காற்றில் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரங்கள்

கையசைவாலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் இரண்டாவதாக ஒன்று வீட்டுக்கு வந்ததும் எவருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு. கையில் கட்டாததை வைண்டரில், அதாவது கடிகாரத்தை மோட்டரால் சுழற்றிச் சாவி ஏற்றும் பெட்டியில், சுழல விடுவதா, நின்றால் நிற்கட்டும் என்று லாச்சியில் வைப்பதா? புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்தும் ஒருவரின் மேசைக்கு எதிரே பல ஆண்டுகளாக அமர்ந்து பார்த்ததும், நண்பர்கள், உறவினர்களின் கடிகாரங்களோடு பழகியதும் சேர்ந்து எனக்கு ஒரு முடிவைத் தந்திருக்கின்றன. தேதியும் கிழமையும் மட்டும் காட்டும் சாதாரண ஆட்டோமேட்டிக் கடிகாரத்துக்குக் கொழும்பில் வைண்டர் தேவையில்லை. ஓய்ந்து கிடப்பதால் அது கெடுவதில்லை. இந்த ஊரில் அதைக் கெடுப்பவை ஈரமும் உப்பும்தான். விதிவிலக்குகளும் உண்டு, அவற்றில் ஒன்று என் குடும்பத்திலேயே நடந்தது.

முதலில் புறக்கோட்டை அனுபவம். பிரதான வீதியிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், துணிக்கடையின் வாசலோரம் ஒரு மேசையையும் ஒரு கண்ணாடி அலுமாரியையும் மட்டும் வைத்துத் தொழில் செய்யும் அவரை நாங்கள் எல்லோரும் நானா என்றே அழைப்போம். என் நண்பர் ஒருவர், ஈடிஏ என்ற சுவிஸ் நிறுவனத்தின் 2824-2 இயந்திரம் பொருத்திய தமது கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் வைண்டரில், அதுவும் ஒரு நாளைக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கூடுதலான சுற்றுகளில், வைத்திருந்தவர். அதை அவர் அணிந்தது விசேட நாட்களில் மட்டுமே. முழுதாகச் சாவி ஏறியிருந்தும் இரவு முழுதும் தாக்குப்பிடிக்கவில்லை என்று அவர் கொண்டுவந்தபோது நானும் கூடப் போனேன். நானா, சாவி ஏறும்போது சுருண்டு கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் அடங்கிய பரல் என்ற சிறு உருளையைத் திறந்து, கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார். பரலின் உட்சுவரில் இருக்க வேண்டிய கிறீஸ் வறண்டு, கருஞ்சாம்பல் நிறப் பசையாகச் சுவரெங்கும் அப்பியிருந்தது. ஸ்பிரிங்கின் வெளிநுனி உரசும் இடத்தில் உலோகம் மெல்லிய வளையமாகத் தேய்ந்து மினுங்கியது. "தம்பி, இது கட்டித் தேஞ்சதில்ல, சும்மா சுத்தித் தேஞ்சது" என்றார் அவர்.

அவர் சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ள, உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையால் மட்டும் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஸ்பிரிங்கின் வெளிநுனி பரலோடு கொளுவியிருக்கும். முழுதாகச் சுருண்டதும் சாவி கொடுக்கும் திருகு இறுகி நின்றுவிடும். ஆட்டோமேட்டிக்கில், கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டர் என்ற அரைவட்ட எடை எப்போது ஓயும் என்று சொல்ல முடியாது என்பதால், அந்த நுனியைக் கொளுவாமல், சுவரை அழுத்திப் பிடிக்கும் ஒரு தடித்த பட்டையோடு விட்டிருக்கிறார்கள். ஸ்பிரிங் நிறைந்ததும் பட்டை சுவரில் வழுக்கிக்கொடுக்கும். ஆகவே வைண்டர் ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி முறுக்கி உடைத்துவிடும் என்று சிலர் அஞ்சுவது சரியல்ல. ஆனால் அந்த வழுக்கலுக்கென்று சுவரில் தடவப்படும் கிறீஸ் தேயும் பொருள். கையில் கட்டியிருக்கும்போது நாளுக்குச் சிறிது நேரமே வழுக்க வேண்டிய பட்டை, கூடுதல் சுற்றுகள் தரும் வைண்டரில் எந்நேரமும் நிறைந்த நிலையிலேயே இருந்து வழுக்கிக்கொண்டிருக்கும்.

இதோடு மற்றச் சில்லுகளின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2824-2 மணிக்கு 28,800 துடிப்புக் கொண்டது, அதாவது செக்கனுக்கு 8. ஒரு நாளைக்கு 6,91,200. ஓர் ஆண்டுக்கு 25 கோடிக்கும் மேல். அணிந்து ஓடுவதற்காகவே செய்யப்பட்ட பொருள் ஓடுவதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூன்று கடிகாரங்களை மாற்றி மாற்றிக் கட்டுபவர் மூன்றையும் வைண்டரில் வைத்தால், மூன்றும் முழு நேரமும் ஓடி, ஏறத்தாழ ஒரே காலத்தில் மூன்றும் சர்வீஸ் கேட்டு வந்து நிற்கும். கொழும்பில் நம்பிக்கையான கையில் ஓர் ஆட்டோமேட்டிக் கடிகாரத்தை முழுமையாகக் கழற்றிப் பூட்டுவிக்க ஆகும் செலவு எவருக்கும் சிறிதல்ல; உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமானால் காத்திருப்பும் சேர்ந்துவிடும்.

வைண்டர் விற்பவர்கள் சொல்லும் முதல் காரணம், ஓடாத கடிகாரத்தில் எண்ணெய் இறுகிவிடும் என்பது. ஒரு காலத்தில் இது உண்மைதான். கடற்பன்றியின் தாடையிலிருந்தும் மாட்டின் கால் எலும்பிலிருந்தும் எடுத்த எண்ணெய்களை இட்ட நாட்களில் அவை புளித்து, பிசினாகி, சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். இப்போது இடப்படுபவை செயற்கை எண்ணெய்கள். அவை சில வாரம் அசையாமல் இருந்ததால் கெட்டியாகிவிடுவதில்லை. அவற்றுக்கும் ஆயுள் உண்டு. ஆனால் அந்த ஆயுள் கடிகாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கழியும். மாதத்துக்கு ஒரு முறை எடுத்துச் சாவி கொடுத்து ஒரு நாள் ஓட விடுவது நல்ல பழக்கம். அது எண்ணெய்க்காக என்பதைவிட, ஏதேனும் கோளாறு தொடங்கியிருந்தால் நேரத்தோடு கண்ணில் படுவதற்காக.

ஈரத்துக்கு வருகிறேன், ஏனெனில் நம் ஊரில் கடிகாரங்கள் பெரும்பாலும் இதில்தான் அழிகின்றன. வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு முகம் பார்த்த தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் என் மைத்துனரின் வீட்டில், வரவேற்பறையில் கடலைப் பார்த்த யன்னலுக்கருகில் ஓர் அழகான நான்கு கடிகார வைண்டர் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அந்த யன்னல் கண்ணாடியை விரலால் தடவினால் உப்புப் படலம் ஒட்டும். வைண்டர் பெட்டி காற்றுப் புகாததல்ல. மோட்டரின் சூடு வெளியேற அதற்குத் துளைகள் உண்டு. உள்ளே கடிகாரத்தைச் சுற்றிக் கட்டும் தலையணையின் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. முதலில் தோல்வார்களின் உட்புறத்தில் வெள்ளைப் பூஞ்சை பூத்தது. பிறகு பெட்டியின் உட்புறத்துச் செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிந்து கடிகாரங்களின் மீது ஒட்டத் தொடங்கியது. நானா அவற்றில் ஒன்றைத் திறந்தபோது, சாவி கொடுக்கும் திருகின் தண்டில் செம்பொடியாகத் துரு. அந்தப் பொடி தேதிச் சில்லுவரை பரவியிருந்தது. திருகின் ரப்பர் வளையம் காய்ந்து, நகத்தால் தொட்டதும் இரண்டாக உடைந்தது. இயந்திரம் ஒரு நாளும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்த கடிகாரம் அது. ஓட்டம் அதைத் துருவிலிருந்து காக்கவில்லை.

திருகுதான் ஈரம் புகும் வாசல் என்பது ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் பிறந்ததற்கே ஒரு காரணம். முதலாம் உலகப் போருக்குப் பின் ஜோன் ஹார்வுட் என்ற ஆங்கிலேயத் திருத்துநர், கடிகாரங்களைக் கெடுக்கும் தூசியும் ஈரமும் திருகு செல்லும் துளை வழியாகவே நுழைகின்றன என்று கண்டு, அந்தத் திருகே இல்லாமல், கையின் அசைவால் சாவி ஏறும் கைக்கடிகாரத்தை வடிவமைத்து, 1924இல் சுவிற்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். நேரத்தை மாற்றுவதற்கு அதில் முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். ரொலெக்ஸின் முழுவட்டம் சுழலும் ரோட்டர் 1931இல்தான் வந்தது. இதை எடுத்துக்காட்டி, திருகை அடிக்கடி தொடாமலிருக்க வைண்டரே நல்லது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். மரை போட்டு இறுக்கும் திருகுள்ள முக்குளிப்புக் கடிகாரங்களில் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் வலு உண்டு என்பதை ஏற்கிறேன். ஆயினும் ரப்பர் வளையம் சர்வீஸின்போது மாற்றப்படும் மலிவான பொருள். பரலும் தானியங்கிச் சில்லுகளும் அப்படியல்ல.

காந்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பலப்பிட்டியில் தெரிந்தவர் ஒருவரின் கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கியது. அவரது வைண்டர் ஒரு பெரிய ஒலிபெருக்கியின் மேல் இருந்தது. நானா மேசையில் ஒரு சிறிய திசைகாட்டியை வைத்து, கடிகாரத்தை அதன் மேலாக மெதுவாக நகர்த்தினார்; ஊசி துடித்துத் திரும்பியது. கடிகாரத்தின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால், சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அதன் நீளத்தைக் குறைத்துவிடுவதால்தான் கடிகாரம் முந்துகிறது. காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுத்ததும் சரியாகிவிட்டது. மலிவான வைண்டர்களில் மோட்டரின் காந்தத்துக்கு மறைப்பும் இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதே பம்பலப்பிட்டிக்காரரின் வீட்டில் இன்னொரு விடயமும் தெரியவந்தது. அவரிடம் 7750 என்ற இயந்திரம் கொண்ட குரோனோகிராஃப், அதாவது நிறுத்தற்கடிகார வசதியும் சேர்ந்த கைக்கடிகாரம், ஒன்று உண்டு. வைண்டரில் இருக்கும்போதே அது நின்றுவிடுகிறது, இயந்திரம் பழுது என்று அவர் விற்கவே தீர்மானித்திருந்தார். 2824-2, சீக்கோ போன்றவற்றில் ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏறும். 7750இல் ஒரு பக்கம் சுழன்றால் மட்டுமே ஏறும், மறுபக்கம் வெறுமனே சுழலும். வைண்டரின் திசையை மாற்றியதும் கடிகாரம் ஓடியது. இது தெரியாமல் எத்தனை நல்ல கடிகாரங்கள் திருத்துபவரிடமும் தரகரிடமும் போகின்றனவோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

மின்வெட்டைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தபோதுகூட, 40 மணி நேரம் தாங்கும் கடிகாரம் அதனால் நின்றிருக்காது. சில வைண்டர்கள் மின்சாரம் வந்த ஒவ்வொரு முறையும் தம் சுழற்சியை முதலிலிருந்து தொடங்கிவிடுவதால், அந்த நாட்களில் கடிகாரங்களுக்குக் கூடுதலான சுற்றே கிடைத்தது.

இனி விதிவிலக்குகள். நிரந்தர நாட்காட்டிக் கடிகாரம் வைத்திருப்பவருக்கு வைண்டர் வேண்டும். லீப் ஆண்டுவரை தானே கணக்கிட்டு, நிற்காமல் ஓடினால் 2100ஆம் ஆண்டுவரை திருத்தம் கேட்காத அந்த இயந்திரம் ஒரு வாரம் நின்றால், தேதி, கிழமை, மாதம், பிறை என்று ஒவ்வொன்றாகச் சிறு ஊசியால் அழுத்திச் சரிசெய்ய வேண்டும். பலவற்றில் தவறி முன்னே போய்விட்டால் பின்னே கொண்டுவர முடியாது. கறுவாத்தோட்டத்தில் ஒரு மூத்த சட்டத்தரணியின் வீட்டில் ஒரு முறை மட்டுமே அப்படியொன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

மற்றொன்று கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியப்பாவுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியரான அவரிடம், மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சீக்கோ 5 உண்டு. அதில் இருப்பது 7எஸ்26 இயந்திரம். அதற்குத் திருகால் சாவி கொடுக்க முடியாது, அசைவுதான் ஒரே வழி. மூட்டுவாதத்தால் பெரியப்பாவின் விரல்கள் மடங்கிவிட்டதால் திருகைப் பிடித்து இழுக்கவும் அவரால் இயலாது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கையசைவு போதாமல், கட்டியிருக்கும்போதே அது நின்றுவிடும். ஞாயிறு காலை புனித லூசியா பேராலயத்துக்குப் புறப்படும் முன், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு நேரம், தேதி, கிழமை மூன்றையும் வைத்துத் தரச் சொல்வார். எப்போதும் பிறருக்கு மணியடித்து வகுப்பு நடத்திய மனிதர், தன் கடிகாரத்துக்காக வாரந்தோறும் ஒருவரிடம் கேட்க வேண்டியிருந்தது அவரை வருத்தியது. மகன் ஒரு சிறிய ஒற்றைக் கடிகார வைண்டரை அனுப்பினார். நாளுக்கு 650 சுற்று, இரண்டு திசையிலும், இடையிடையே நீண்ட ஓய்வோடு என்று அமைத்துக் கொடுத்தேன். இரவில் கழற்றி அதில் மாட்டுவதை மட்டும் அவரால் தானே செய்ய முடிகிறது. இப்போது தேதியை நாங்கள் தொடுவது 31 நாள் இல்லாத மாதங்களின் முடிவில்தான்.

வைண்டர் வைத்திருப்பவர்களும் இப்படியே குறைந்த சுற்றில் தொடங்கி, கடிகாரம் நின்றால் மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுவது நல்லது. முற்றாக நின்ற கடிகாரத்தை அப்படியே வைண்டரில் மாட்டிவிட்டு எதிர்பார்க்கக் கூடாது. வைண்டர் இருக்கும் சாவியைப் பேணுமேயன்றி, குறைந்த சுற்றில் வெறும் ஸ்பிரிங்கை நிறைத்துவிடாது. திருகால் சாவி ஏறும் கடிகாரமானால், 20 முதல் 30 சுற்றுக் கையால் கொடுத்த பிறகு மாட்ட வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது உள்ளே ரோட்டரும் சேர்ந்து விர்ரென்று சுழன்றால், ரோட்டரின் இரு பக்கச் சுழற்சியையும் ஒரே பக்கமாக்கும் திருப்பு சில்லுகள் வறண்டிருக்கின்றன என்று பொருள். மேற்கொண்டு சுற்றாமல் திருத்துபவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

லாச்சியில் வைப்பவர்கள், இறுக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் மாற்றிவிட வேண்டும். வியர்வையோடு கழற்றிய கடிகாரத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பின்னரே உள்ளே வைக்க வேண்டும். நின்ற கடிகாரத்தை எடுக்கும்போது செய்யும் ஒரே ஆபத்தான வேலை தேதியை அவசரமாக மாற்றுவது. இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் தேதிச் சில்லு பிடிப்பில் இருக்கும். முள் நின்றிருப்பது பகலிலா இரவிலா என்று முகப்பைப் பார்த்துத் தெரியாது. ஆகவே முதலில் முள்ளை முன்னோக்கித் திருப்பி, தேதி மாறும் இடத்தைக் கண்டு, அதைக் கடந்து காலை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டே தேதியை மாற்ற வேண்டும்.

7750 இயந்திரத்தை நீண்ட காலம் வைண்டரில் வைத்து, பிறகு சர்வீஸில் அதன் பரலைத் திறந்து பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், சுற்றுகளின் எண்ணிக்கையையும் கிறீஸ் இருந்த நிலையையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கம் மட்டும் சாவி ஏறும் இயந்திரத்தில் தேய்வு எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.