நெட்டார், ரெட்டினா: மடக்கு கேமராவைத் தெருவில் எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பது?

குளக்கரை எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பவை இரண்டு பழைய மடக்கு கேமராக்கள்: ஸைஸ் ஐகான் நெட்டார் 517/16 (120 ரோல் ஃபில்ம், 6×6 செ.மீ. படம்), கோடக் ரெட்டினா 2ஏ (35 மி.மீ. ஃபில்ம்). இரண்டிலும் ஸ்ட்ராப் மாட்ட வளையம் கிடையாது. மயிலாப்பூர் மாடவீதிகளில் காலை நேரம் நடந்து எடுப்பதுதான் திட்டம். நெட்டாரோடு வந்த தோல் உறை இருக்கிறது, ஆனால் தோள்வாரின் தையல் இற்றிருக்கிறது. கேமராவின் அடியிலுள்ள ட்ரைபாட் துளையில் திருகு போட்டுத் தொங்கவிடலாமா? இல்லை, திறந்தபடியே கையில் பிடித்து நடக்கலாமா? அடுத்தடுத்துப் படம் எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் மூடித் திறப்பது சிரமமாகத் தெரிகிறது.

துருத்தி எழுதியது:

திறந்தபடி நடக்க வேண்டாம். ஒரே இடத்தில் நின்று நாலைந்து படம் எடுக்கும்வரை திறந்திருக்கட்டும். நகர்ந்தால் மூடிவிடுங்கள். லென்ஸைத் தாங்குவது மெல்லிய தகட்டுக் கைகள் மட்டும்தான். கூட்டத்தில் ஒரு முழங்கை இடித்தாலே லென்ஸ் ஃபில்முக்கு நேராக நிற்காது, படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். அப்படி வளைந்ததை நிமிர்த்துவது எளிதான வேலை இல்லை.

மூடிய கேமராவுக்கு இடுப்புப் பவுச்தான் சரி. கேமராவை மூடி வைத்து நீளம், உயரம், தடிமன் மூன்றையும் அளந்து, ஒவ்வொன்றிலும் 1 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பை தைக்கும் கடையில் உள்ளே 5 மி.மீ. ஃபோம், அதன் மேல் வழுவழுப்பான துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சொரசொரப்பான வெல்வெட் வேண்டாம், அதன் தூசி பெல்லோஸ் (லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே விரிந்து மடங்கும் துருத்தி) மடிப்புக்குள் போகும். மேல் மூடிக்கு வெல்க்ரோவைவிடப் பக்கிள் நல்லது. கோயில் வாசலில் சர்ரென்று கிழிகிற சத்தத்துக்கே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பவுச்சுக்குள் வைக்கும் திசை முக்கியம். முன்கதவைத் திறக்கும் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அது பவுச்சின் சுவரில் அழுந்தாதபடி வையுங்கள். பைக்குள்ளேயே கதவு பாதி திறந்துகொண்டால் பெல்லோஸ் ஓரம் கதவுக்கும் உடலுக்கும் நடுவில் சிக்கும். மூலையில் ஊசித்துளை விழ அது போதும். சந்தேகம் இருந்தால் 2 செ.மீ. அகல எலாஸ்டிக் பட்டை ஒன்றைக் கேமராவைச் சுற்றிப் போட்டுவிடுங்கள்.

கால்அங்குலம் எழுதியது:

ட்ரைபாட் துளை பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தக் கால ஜெர்மன் கேமராக்கள் பலவற்றில் 3/8 அங்குலத் துளை இருக்கும். 1/4 அங்குலத் திருகு போட ஒரு குறைப்பு வளையம் தேவை. அதைக் காசு முனையால் நன்றாக இறுக்கி, விளிம்போடு சமமாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். பாதி இறுகிய வளையம் திருகோடு சேர்ந்தே கழன்று வரும். கேமரா கீழே விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்தது திருகின் நீளம். பழைய துளைகள் ஆழம் குறைந்தவை. தீக்குச்சியைத் துளைக்குள் விட்டு நகத்தால் குறித்து, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். திருகு அதைவிட 1 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும், நீளமானால் வாஷர் போடுங்கள். மிஞ்சின திருகை முறுக்கினால் துளையின் அடித்தகடு ஃபில்ம் அறைக்குள் புடைக்கும். ரோல் உரசும், வெளிச்சமும் கசியலாம்.

இவ்வளவு செய்தாலும் முழுப் பாரத்தையும் அந்த ஒற்றைத் துளையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். அது நேராக நிற்கிற கேமராவைத் தாங்க வைத்தது. நடக்கும்போது விழும் பக்கவாட்டு ஆட்டத்துக்கு வைத்ததல்ல. அங்கே மணிக்கட்டுக் கயிறு மட்டும் போடலாம். பிடி நழுவினால் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. கயிற்றை 20 செ.மீ. அளவில் வைத்தால் லென்ஸ் முன்னால் வந்து ஆடாது.

ரெட்டினா வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. 2ஏ-யில் ஃபில்ம் சுருட்டும் நெம்புகோல் மேலே இருப்பதால் அடியில் ட்ரைபாட் தகடு போட்டாலும் தொல்லை இல்லை. 2சி, 3சி-யில் அது அடியில் இருக்கிறது. பின்கதவைத் திறக்கும் பூட்டும் ட்ரைபாட் துளையைச் சுற்றியே அமைந்தது. அகலமான தகடு போட்டால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். தகடு தடுக்கும்போது நெம்புகோலை அழுத்தித் தள்ளினால் உள்ளே ஷட்டரை ஏற்றும் (அடுத்த படத்துக்குத் தயாராக்கும்) பல்பட்டை தேயும். உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம்.

தோல்உறை எழுதியது:

பவுச் நல்லதுதான், ஆனால் பழைய உறையை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கேமரா மூடியே இருந்தாலும் நெஞ்சு மேல் தயாராகத் தொங்குவது அதில்தான். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோள்வார் சேரும் இரண்டு இடத்திலும் மெழுகு பூசிய நைலான் நூலால் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். பழைய துளைகளிலேயே குத்தினால் தோல் கிழியும், 3 மி.மீ. தள்ளிப் புதிதாகக் குத்த வேண்டும். வாங்கி வந்ததும் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை அந்த வாரில் தொங்கவிட்டு நாலு தடவை உதறிப் பாருங்கள். அதற்குத் தாங்கினால் நெட்டாருக்குத் தாராளமாகத் தாங்கும். உறையின் அடித்திருகு கேமராவில் முழுதும் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

இனி மூடித் திறக்கும் முறை. பொத்தானை அழுத்தும்போது கதவைக் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டு மெதுவாக இறக்குங்கள். படாரென்று திறந்தால் பெல்லோஸுக்குள் காற்று உறிஞ்சப்பட்டு, 120 ஃபில்ம் தன் பின்னாலுள்ள அழுத்தத் தகட்டை விட்டு முன்னால் இழுபடும். நடுப்பகுதி மங்கலாக வருவதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள், காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால் ஃபில்மை எடுத்தவுடன் சுருட்டாமல், அடுத்த படத்துக்குக் கதவைத் திறந்த பிறகு சுருட்டுங்கள். சுருட்டும்போது ஃபில்ம் இறுகித் தகட்டில் படியும். சுருட்ட மறந்தால் நெட்டாரில் படம் எடுக்கும் பொத்தான் இறங்காது, அதுவே ஞாபகப்படுத்தும்.

ரெட்டினாவை மூடும் முன் லென்ஸின் தூர அளவு முடிவிலிக்கு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் லென்ஸுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துவது. மூட மறுத்தால் தூரத்தைத்தான் பாருங்கள், கதவை அழுத்தக் கூடாது. ரெட்டினாவில் சுருட்டினாலே ஷட்டர் ஏறிவிடும் என்பதால் பவுச்சுக்குள் போகும்போது சுருட்டாத நிலையில் இருக்கட்டும்.

குளக்கரை எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். நெட்டாருக்குத் தனியாக வாங்கிய ரேஞ்ச்ஃபைண்டரை (தூரம் அளக்கும் கருவி) மேலே செருகியபடியே பவுச்சில் வைக்கலாமா? ஸ்கூட்டர் டிக்கியில் கேமராவை விடலாமா?

துருத்தி எழுதியது:

செருகியபடி வேண்டாம். பவுச்சில் இடிபடும்போது அது நெம்புகோல்போல வேலை செய்து மேல்தட்டைத் தூக்கும், இல்லையென்றால் நழுவி விழும். சட்டைப் பையில் வைத்து, ஒரு நூலால் பித்தான் துளையில் கட்டிக்கொள்ளுங்கள். வெயில் நேரத்தில் அது தேவையே படாது. நெட்டாரின் 75 மி.மீ. லென்ஸில் துளை அளவு எஃப் 11, தூரம் 10 மீட்டர் என்று வைத்தால் சுமார் 5 மீட்டரிலிருந்து முடிவிலிவரை தெளிவாக இருக்கும். எஃப் 16-க்குப் போய் 7 மீட்டரில் வைத்தால் மூன்றரை மீட்டரிலிருந்தே கிடைக்கும். பவுச்சிலிருந்து எடுத்துத் திறந்து, சுருட்டி, ஷட்டரை ஏற்றி அழுத்த வேண்டியதுதான்.

ஈரக்காற்று எழுதியது:

டிக்கி கூடவே கூடாது. வெயிலில் நின்ற வண்டியின் டிக்கியில் லென்ஸ் கிரீஸ் இளகி எண்ணெய் ஷட்டர் இதழ்களுக்குப் பரவும். அப்புறம் இதழ்கள் ஒட்டி, 1/100 வைத்தால் 1/25 போல் ஓடும். வண்டி அதிர்வில் முன்தட்டுத் திருகுகளும் தளரும். பவுச் உடம்பிலேயே இருக்கட்டும், உடம்பு அதிர்வைப் பாதி வாங்கிக்கொள்ளும்.

ஏசி அறையிலிருந்து நேராகத் தெருவுக்கு வந்தால் உடனே திறக்காதீர்கள். திறக்கும்போது பெல்லோஸ் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த லென்ஸின் பின்பக்கம் படியும். துடைக்க முடியாத இடம் அது. ஜிப் கவரில் போட்டு அரை மணி நேரம் விட்டுப் பிறகு எடுங்கள். மெரினாவில் மணல் பறக்கும்போதும் இதே காரணத்துக்காகக் காற்றுக்கு முதுகு காட்டி நின்று திறக்க வேண்டும்.

தோல் உறை நடக்கும்போது மட்டும். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து லென்ஸில் பூஞ்சையைக் கொண்டுவரும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் காட்டினால் போதும்.