ஓரியன் நெபுலா படத்தில் கோடுகள்: எப்படி நீக்குவது?

இரவுப்பறவை:
வணக்கம். மார்ச் நடுவில் ஜவ்வாது மலையில் டிராக்கரும் (நட்சத்திரங்கள் நகர்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) 200 மி.மீ. லென்ஸும் வைத்து, ஒவ்வொன்றும் 30 விநாடியாக ஓரியன் விண்மீன் குழுவில் உள்ள வாயு மேகமான ஓரியன் நெபுலாவை எடுத்தேன். ஏழரை மணிக்கே ஆரம்பித்துவிட்டேன். பல படங்களில் ஓரத்திலிருந்து ஓரம் வரை நீளக் கோடு. அதுபோக, ஓரியனின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திர வரிசையின் பக்கம் குட்டிக் குட்டிக் கோடுகள், எல்லாம் கிழக்கு மேற்காக. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் ஆவரேஜ் வைத்து அடுக்கியும் போகவில்லை. விமானமா? கோடு விழுந்த படங்களைத் தூக்கிவிடவா?

நிழல்கோடு:
தூக்க வேண்டாம். விமானம் என்றால் விளக்கு மினுக்கிய புள்ளிகள் வரிசையாக விழுந்திருக்கும். நீளக் கோடுகள் தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள். 550 கி.மீ. உயரத்தில் இருப்பதற்கு, நமக்கு இருட்டிய பிறகும் வெயில்தான். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் போனால்தான் நம் உச்சியில் வருவது பூமியின் நிழலுக்குள் நுழையும். மேற்கு வானில் இன்னும் தாமதமாகும். மார்ச்சில் இருட்டும்போதே ஓரியன் மேற்கே சாயத் தொடங்கிவிடுகிறதே, அதுதான் சிக்கல். டிசம்பரில் நள்ளிரவையொட்டி உச்சிக்கு வரும்போது எடுங்கள், பெரும்பாலும் தப்பிவிடலாம்.

குட்டிக் கோடுகள் வேறு சாதி. அவை 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி, நமக்கு ஓரிடத்தில் நிற்பதுபோலத் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அவை வரிசையாக இருக்கும் வளையம் கிட்டத்தட்ட அந்த மூன்று நட்சத்திரங்களை ஒட்டித்தான் போகிறது. டிராக்கர் நட்சத்திரத்தோடு நகர்வதால் அவை கோடாக இழுபடுகின்றன. இவை நள்ளிரவிலும் வரும்.

ஆவரேஜை விட்டுவிட்டு கப்பா-சிக்மா கிளிப்பிங் போடுங்கள். ஒரு படத்தில் மட்டும் திடீரென்று பளிச்சென இருக்கும் பிக்சலை அது ஒதுக்கிவிடும். படங்கள் நிறைய இருக்க வேண்டும்.

தொலைவானம்:
நாம் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பகுதி பூமத்தியரேகைக்கு 53 பாகைச் சாய்வில் சுற்றுவதால் கூட்டம் அந்த அட்சரேகைப் பக்கம்தான் அதிகம். ஜூனில் லண்டனில் இரவு முழுக்க அவற்றின்மேல் வெயில் படும். 2019 மே மாதத்தில் முதல் 60 செயற்கைக்கோள்கள் மேலே போனபோது எழுந்த கூச்சலுக்குப் பிறகு அந்த நிறுவனத்தார் கருப்புப் பூச்சு, வெயிலை மறைக்கும் தடுப்பு என்று முயன்றார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத 7-ஆம் ஒளியளவுக்கு மங்க வேண்டும் என்பது வானியலாளர்களின் கோரிக்கை. அப்படியே மங்கினாலும் நம் லென்ஸுக்குத் தப்பாது. கிளிப்பிங் நமக்குப் போதும். சூரியனுக்கு அருகே இருக்கும் சிறுகோள்களை அந்திப்பொழுதில் தேடுகிறவர்களுக்குத்தான் உண்மையான தலைவலி.

இரவுப்பறவை:
போட்டுப் பார்த்தேன், குட்டிக் கோடுகள் சுத்தமாகப் போய்விட்டன. நீளக் கோடு ஒன்று மட்டும் மங்கலாக நிற்கிறது.

நிழல்கோடு:
கப்பா மதிப்பை (பிக்சல் எவ்வளவு விலகினால் ஒதுக்குவது என்ற வரம்பு) இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடலாம்.