மெலீ, ட்ரூயிட், வைல்ட் ஷேப்: சொல் வேண்டும் (வியாழனுக்குள்)

அனுப்புநர்: பகடைக்காரி, கோட்டூர்புரம்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாக ஆடுவது) ஆடுகிறோம், முழுக்கத் தமிழில். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சின்னக் கையேடு. போர்வீரன், மந்திரவாதி எல்லாம் முடிந்துவிட்டது, இயற்கையின் ஆற்றலால் மந்திரம் போடும் ட்ரூயிட் மட்டும் பாக்கி. அதை எடுக்கிற பிள்ளைகள் பின்வரிசையில் நின்று மந்திரம் போட்டுவிட்டு "போரடிக்குதுக்கா" என்கிறார்கள். அதனால் முன்வரிசையில் நின்று அடிப்பது எப்படி என்றுதான் கையேடே எழுதியிருக்கிறேன். மெலீ என்பது கிட்ட நின்று அடிப்பது, வைல்ட் ஷேப் என்பது ட்ரூயிட் விலங்காக மாறுவது. தலைப்பில் உள்ள மூன்றுக்கும் சொல் வேண்டும். திருவல்லிக்கேணி அச்சகத்தில் வியாழக்கிழமை கோப்பைக் கேட்கிறார்கள்.

அனுப்புநர்: அண்ணாநகர் வாசி

ட்ரூயிட் ட்ரூயிடாகவே இருக்கட்டும். மெலீக்குக் கைகலப்பு. வைல்ட் ஷேப்புக்கு உருமாற்றம். அச்சுக்கு அனுப்புங்கள். இந்தக் குழுமத்தில் இதற்கு மேல் கேட்டால் தீபாவளிக்குத்தான் கையேடு வரும்.

அனுப்புநர்: மாம்பலத்து வாத்தியார்

அண்ணாநகர் தம்பிக்கு எப்போதும் அவசரம். அம்மா, முதலில் ட்ரூயிட் யார் என்று பார்ப்போம். பழைய கெல்டிய மக்களின் பூசாரி. ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார்: வெள்ளாடை, பொன் அரிவாள், ஓக் மரத்தில் ஏறிப் புல்லுருவி அறுப்பது. காடு, சடங்கு, மருந்து, குறி எல்லாம் அறிந்த ஆள். நம்மிடம் அந்த ஆள் இல்லையா? "வெறியறி சிறப்பின் வெவ்வாய் வேலன்" என்று தொல்காப்பியம் சொல்கிறதே! மலைநிலம், ஆட்டம், தெய்வம் ஏறிய உடம்பு, கையில் வேல். அந்த வரி எங்கே வருகிறது? அகத்திணையியலில் இல்லை, புறத்திணையியலில், வெட்சியில். அதாவது போருக்குப் பக்கத்தில். உங்கள் ட்ரூயிடை முன்வரிசைக்குக் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான முன்னோர் கிடைக்கமாட்டார். என் பரிந்துரை: வேலன்.

இன்னொன்று, வேடிக்கைக்காகச் சொல்கிறேன். ட்ரூயிடுகள் போருக்குப் போவதில்லை, மற்றவர்களைப் போல வரியும் கட்டுவதில்லை என்று சீசரே எழுதி வைத்திருக்கிறார். ஆக உங்கள் பிள்ளைகள் பின்வரிசையில் நிற்பதுதான் வரலாற்றுப்படி சரி.

அனுப்புநர்: தூயதமிழ்

வேலன் வேண்டாம். ட்ரூயிட் என்பதிலேயே தமிழ் இருக்கிறது. ‘ட்ரு’ என்பது மரம், ‘வித்’ என்பது அறிவு என்று கெல்டிய அறிஞர்களே சொல்கிறார்கள். ட்ரு என்பது நம் தரு. காய் தருவது, கனி தருவது, நிழல் தருவது, ஆகவே தரு. இது வடசொல் என்பவர்கள் ‘தா’ என்ற வினையடிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? தருவறிவன் என்று வையுங்கள். மெலீக்கு அணுக்கப்போர். கைகலப்பு என்பது டீக்கடை வாசலில் நடப்பது, செய்தித்தாளில் "இரு தரப்பினரிடையே" என்று தொடங்கும்.

அனுப்புநர்: அண்ணாநகர் வாசி

அணுக்கப்போர் என்றால் பிள்ளைகள் அணுகுண்டு என்று நினைப்பார்கள். தூயதமிழ் ஐயா, சம்ஸ்கிருதத்தில் தாரு, த்ரு எல்லாம் மரம்தான், கெல்டியமும் அதுவும் தாயாதிகள். நீங்கள் தரு என்று போட்டால் சுற்றி வளைத்து வடசொல்லைத்தான் உள்ளே விடுகிறீர்கள்.

பகடைக்காரி, இந்த ஆட்டத்தில் கைகலப்பு என்றால் ஆயுதம் உண்டா, வெறுங்கையா? அதைச் சொன்னால் பாதி சண்டை ஓயும்.

அனுப்புநர்: பகடைக்காரி

ஆயுதம், நகம், பல் எல்லாம் உண்டு. எட்டித் தொடும் தூரத்தில் அடித்தால் மெலீ. அம்பு, கவண் இதில் சேராது.

2014 விதிகளின்படி ட்ரூயிடுக்கு இதில் என்ன சிக்கல் என்றால், எவ்வளவு அடி தாங்கலாம் என்று சொல்லும் உயிர்ப்புள்ளிக்கு எட்டுமுகப் பகடைதான் (போர்வீரனுக்குப் பத்துமுகம்), உலோகக் கவசமும் போடமாட்டார்கள். அதே விதிகளில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஷிலேலா மந்திரம். கையிலிருக்கும் தடிக்கு அதைப் போட்டால் வலிமைக்குப் பதிலாக ஞானத்தை வைத்து அடிக்கலாம், சேதத்துக்கு எட்டுமுகப் பகடை. ஒரு நிமிடம் நிற்கும், மனம் குவித்துப் பிடித்திருக்க வேண்டியதில்லை. அதனால் அந்தக் குவிப்பைப் தோலை மரப்பட்டை போல ஆக்கும் பார்க்ஸ்கின் மந்திரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், காப்பெண் (நம்மை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 16க்குக் கீழே இறங்காது. இன்னொன்று வைல்ட் ஷேப். ட்ரூயிடுகளில் பல வட்டங்கள், அதாவது பிரிவுகள், உண்டு; நிலா வட்டத்து ட்ரூயிட் என்றால் 2ஆம் நிலையிலேயே பழுப்புக் கரடி ஆகலாம். கரடிக்கு 34 உயிர்ப்புள்ளி, ஒரே முறையில் ஒரு கடி, ஒரு நகக்கீறல். மற்ற வட்டத்தார் அந்த நிலையில் ஓநாய் அளவோடு நிற்க வேண்டியதுதான்.

அனுப்புநர்: மாம்பலத்து வாத்தியார்

அப்படியென்றால் அது கூடு விட்டுக் கூடு பாய்தல்! இதற்குப் போய் உருமாற்றமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உருமாறிய பாறைகள்தான் ஞாபகம் வரும்.

அனுப்புநர்: பகடைக்காரி

ஐயா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் திருமூலர் கதையில் அவர் உடம்பு ஓரிடத்தில் கிடக்கிறது, உயிர் போய் மூலன் உடம்பில் புகுகிறது. திரும்பி வந்து பார்த்தால் பழைய உடம்பைக் காணோம். இங்கே அப்படி இல்லை, சொந்த உடம்பேதான் கரடியாகிறது. கரடிக்கு 5 புள்ளி மிச்சம் இருக்கும்போது 12 புள்ளி அடி விழுந்தால், கரடி உரு கலைந்து மீதி 7 ஆள் மேலேயே விழும். கூடு வேறு, ஆள் வேறு என்றால் அந்த 7 எங்கே போகும்? கூடு பாய்தல் என்று போட்டால் "உடம்பை எங்கேக்கா ஒளிச்சு வைக்கணும்" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

விலங்குரு என்று போடலாமா?

அனுப்புநர்: தூயதமிழ்

விலங்கு என்றால் கைவிலங்கும்தான். வேற்றுரு என்க.

அனுப்புநர்: அண்ணாநகர் வாசி

வேற்றுரு மாறுவேடம் மாதிரி இருக்கிறது, மீசை ஒட்டிக்கொண்டு வருவது போல. கரடிப் படத்துக்குக் கீழே விலங்குரு என்று எழுதினால் யாரும் கைவிலங்கைத் தேடமாட்டார்கள். என் ஓட்டு விலங்குருவுக்கு.

அனுப்புநர்: மாம்பலத்து வாத்தியார்

விலங்குரு பரவாயில்லை, ஒப்புகிறேன். கைகலப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. மெலீ பிரெஞ்சுச் சொல், அதற்கும் கலத்தல் என்பதே மூலப்பொருள், ஆகவே அண்ணாநகர் தம்பி தெரியாமலேயே நல்ல சொல்லைச் சொல்லிவிட்டார். வேறு யாராவது கைக்கலப்பு என்று க் போட்டு எழுதப் போகிறார்கள், அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: கையைக் கலத்தல், இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. கைக்குழந்தை வேறு, கைகுலுக்கல் வேறு.

வேலனை மட்டும் விடமாட்டேன். ஆட்டத்தின் ஆயுதப் பட்டியலைப் பேரனை விட்டுத் தேடிப் பார்க்கச் சொன்னேன், ட்ரூயிடுக்கு ஈட்டி அனுமதி இருக்கிறதாமே?

அனுப்புநர்: பகடைக்காரி

இருக்கிறது ஐயா, உலோகத் தடை கவசத்துக்கும் கேடயத்துக்கும்தான். ஆனால் எங்கள் குழுவில் வடிவேலன் ஒருவன், சக்திவேலன் ஒருவன். "வேலன் கரடியாகிறான்" என்று படித்தால் அன்றைக்கு ஆட்டம் நடந்த மாதிரிதான்.

அனுப்புநர்: தூயதமிழ்

கைகலப்பு என்கிறீர்கள். கரடிக்கு ஏது கை? அதற்கு இருப்பது நான்கு கால்.

அனுப்புநர்: அண்ணாநகர் வாசி

சார், முடியலை.

அனுப்புநர்: மாம்பலத்து வாத்தியார்

நியாயமான கேள்வி. ஆனால் யானைக்குக் கைம்மா என்று பெயர், கை உள்ள விலங்கு. ட்ரூயிட் யானை ஆக முடியுமா?

அனுப்புநர்: பகடைக்காரி

முடியும், நிலா வட்டத்தாருக்கு 12ஆம் நிலையில். அதுவரை கரடி இலக்கணப்பிழையோடுதான் சண்டை போடும்.

புதன் இரவு ஆகிவிட்டது. கோப்பில் கைகலப்பு, விலங்குரு இரண்டையும் ஏற்றிவிட்டேன். ட்ரூயிடுக்குக் கானறிவர் என்று நேற்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் ஏற்கெனவே ட்ரூயிட் என்றே பழகிவிட்டதால் அதை மாற்றவில்லை, கானறிவரை முதல் பக்கத்தில் ஒரு முறை மட்டும் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

அனுப்புநர்: தூயதமிழ்

கைகலப்புக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ட்ரூயிட் என்பதில் மொழிமுதலில் மெய்யெழுத்து வந்திருப்பதையாவது திருத்தியிருக்கலாம். துரூயிது.

அனுப்புநர்: மாம்பலத்து வாத்தியார்

துரூயிதுவுக்கு வேலன் எவ்வளவோ மேல். அடுத்த கையேடு காட்டில் திரியும் ரேஞ்சர் பாத்திரத்துக்கு என்று கேள்விப்பட்டேன். அதற்குக் கானவன் இருக்கிறான், குறிஞ்சிநிலத்து வேட்டுவன், வில்லும் உண்டு. இந்த முறையாவது அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு வாரம் கொடுங்கள் அம்மா.