ஓட ஆரம்பித்து மூன்று வாரம், இரண்டு காலிலும் முன்னெலும்பு வலி: நிறுத்துவதா, தொடர்வதா?

கேள்வி: சத்துவாச்சாரி, பெண், வயது 39

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில், அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை சிமெண்டுத் தரையில் நின்றபடியே வேலை. தை மாதம் ரத்தப் பரிசோதனை செய்ததில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை நிலை, மாத்திரை வேண்டாம், உடம்பை அசையுங்கள் என்றார் மருத்துவர். என் அப்பாவுக்குச் சர்க்கரையால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தப் புண்ணைத் தினமும் பிரித்துத் துடைத்துக் கட்டியவள் நான். ஆகையால் தள்ளிப்போட மனம் வரவில்லை.

நடந்தாலே போதுமே என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு ஓடத்தான் ஆசை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்காக 400 மீட்டர் ஓடியவள். அதோடு சரி, 25 ஆண்டுகள் ஓடவே இல்லை. இப்போது காலை ஐந்து மணிக்குக் கணவர் ஸ்கூட்டரில் வேலூர்க் கோட்டையருகே இறக்கிவிடுகிறார். அகழியை ஒட்டிய பூங்காவில் ஓடுகிறேன். முதல் வாரம் 200 மீட்டரிலேயே மூச்சு முட்டியது. இரண்டாம் வாரம் திடீரென்று மூச்சு பிடிபட்டுவிட்டது. 2 கிலோமீட்டர் ஓடினேன், வார முடிவில் 4. அந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

மூன்றாம் வாரம் வலி வந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உட்பக்க ஓரம், கீழ்ப்பாதியில். இரண்டு காலிலும் உண்டு, வலது காலில் கூடுதல். காலையில் மாடிப்படி இறங்கும்போது சுரீர் என்கிறது. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் அடங்குகிறது. தொழிற்சாலையில் நிற்கும்போது மறுபடியும் பிடிக்கிறது. பொறுத்துக்கொண்டு ஓடினால் பழகிவிடுமா? ஷூவை மாற்ற வேண்டுமா? நிறுத்திவிட்டால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேனோ என்பதுதான் என் பயம்.

பதில்: காட்பாடி காந்திநகர், ஓய்வு பெற்றவர்

அம்மா, முதலில் ஷூவைப் பாருங்கள். பதினோரு வருடமாக நடக்கிறேன், கால்வலி என்று வருபவர்களில் பாதிப் பேர் தேய்ந்த ஷூவோடுதான் வருகிறார்கள். ஓடுவதற்கென்றே செய்த ஷூ ஒன்று ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும், அதற்குப் பிறகு அடியில் உள்ள நுரை செத்துவிடும். நீங்கள் போடுவது எந்த வகை?

கேட்டவர்

ஐயா, நன்றி. லாங் பஜாரில் 600 ரூபாய்க்கு வாங்கிய கேன்வாஸ் ஷூ. உங்கள் பதிலைப் படித்த பிறகு அதை மடியில் வைத்துப் பார்த்தேன். நல்ல ஷூவை முன்னும் பின்னும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும். இது பாதத்தின் நட்டநடுவில் மடங்குகிறது. துணி பிழிவதுபோல் முறுக்கினால் முழுதாக முறுகுகிறது. குதிகாலைச் சுற்றி உள்ளே அட்டை இல்லை, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கிப்போகிறது. இன்சோலைத் தூக்கினால் கீழே மெல்லிய ரப்பர், நுரையே கிடையாது. நாள் முழுக்க அடுத்தவர் காலுக்குத் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற நான் இதைக் கவனிக்காமல் விட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது.

பதில்: விருதம்பட்டு, ராணுவத் தேர்வுக்குத் தயாராகிறவர்

அக்கா, ஷூவே வேண்டாம். நாங்கள் ஆறேழு பேர் பாலாற்று மணலில் வெறுங்காலோடு ஓடுகிறோம். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்களைவிட மணல் கிடக்கிற நாட்கள்தானே அதிகம். மணல் மெத்தை மாதிரி, எலும்பில் அடி விழாது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மாரத்தானை வெறுங்காலில் ஓடித்தான் தங்கம் வென்றார்.

பதில்: தொரப்பாடி, பெண், வயது 54

தம்பி, பிகிலா சின்ன வயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிப் பழகியவர். நீயும் இருபது வயதுக்காரன். நாள் முழுக்க சிமெண்டில் நிற்கிற 39 வயதுக்காரி நாளைக்கே மணலில் இறங்கினால், குதிகால் புதைந்து புதைந்து கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் இழுத்துக்கொள்ளும். ஒரு வலி இரண்டாகும். ஓட்டம் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தங்கச்சி, நான் 42 வயதில் ஓட ஆரம்பித்தவள். இதே வலியோடு மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறீர்கள்? அந்த 4 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினீர்கள்? ஓடும்போது பக்கத்தில் ஒருவர் பேச்சுக் கொடுத்தால் உங்களால் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடியுமா?

கேட்டவர்

அக்கா, ஞாயிறு தவிர ஆறு நாளும். 4 கிலோமீட்டருக்கு 25 நிமிடம். பேசவா? முடியவே முடியாது. "ம்" என்றுகூடச் சொல்ல முடியாது. ஓடுவது என்றால் அப்படித்தானே?

பதில்: தொரப்பாடி

அப்படி இல்லை. உங்கள் வலிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஷூ இரண்டாவது காரணம்.

நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஓடிய ஓட்டத்தைத்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். 400 மீட்டர் என்பது முதல் அடியிலிருந்தே விரட்டுகிற ஓட்டம். உங்களுக்குத் தெரிந்த ஒரே வேகம் அதுதான், 25 வருடம் கழித்தும் கால் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. இரண்டாம் வாரம் மூச்சு பிடிபட்டது என்று மகிழ்ந்தீர்களே, அங்கேதான் ஏமாந்தோம், நீங்களும் நானும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அப்படி அல்ல. ஒவ்வொரு அடியின் சுமைக்கும் ஏற்ப எலும்பு தன்னைக் கொஞ்சம் அரித்து, பிறகு முன்னைவிடக் கெட்டியாகக் கட்டிக்கொள்ளும். இதற்கு மாதக் கணக்கில் ஆகும், நடுவில் ஓய்வு நாள் வேண்டும். நீங்கள் ஆறு நாளும் அடித்தால் அரித்த இடத்தைக் கட்ட நேரம் ஏது? மூச்சு "போ போ" என்கிறது, எலும்பு பின்தங்கி நிற்கிறது.

ஆகவே பொறுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஆனால் காலை ஐந்து மணியை நிறுத்த வேண்டாம். அதே ஸ்கூட்டரில் போய் அதே பூங்காவில் வலிக்காத அளவுக்கு நடங்கள். அந்தப் பழக்கம் கையைவிட்டுப் போகாது.

பிறகு, படிக்கட்டு வலியும் அழுத்தும்போது வலியும் சுத்தமாகப் போன பின், வாரம் மூன்றே நாள். ஐந்து நிமிடம் நடை. அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. அந்த ஒரு நிமிடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். மூவேழு இருபத்தொன்றுக்கே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பக்கத்தில் நடப்பவர் உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும். மறுநாள் காலையில் படி இறங்கிப் பாருங்கள், வலி இல்லை என்றால் அடுத்த வாரம் ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக்குங்கள். லேசாக இருந்தால் அதே அளவு. கூடினால் முந்தைய அளவுக்கு ஒரு படி கீழே.

ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்க ஓட்டக்காரர், ஒலிம்பிக்கில் ஓடியவர், 1970-களிலிருந்து இந்த ஓட்டமும் நடையும் கலந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார். இதை வைத்தே பலர் மாரத்தான் ஓடுகிறார்கள். நடப்பது தோல்வி இல்லை, தங்கச்சி.

இன்னொன்று, பெண்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் சொல்கிறேன்: மார்பை அசையாமல் தாங்குகிற விளையாட்டு உள்ளாடை வாங்கிக்கொள்ளுங்கள். தோள் குறுகாமல் ஓட வரும்.

பதில்: பாகாயம், இயன்முறை மருத்துவர்

மேலே தொரப்பாடி அம்மா சொன்னது சரி. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, இருந்தாலும் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். இந்த வலியில் இரண்டு வகை உண்டு. ஒன்று எலும்பின் ஓரத்தில் தசை ஒட்டும் பகுதி நொந்துபோவது. மற்றது எலும்பிலேயே மயிரிழை விரிசல். இரண்டாவதோடு ஓடினால் எலும்பு முறிந்துவிடலாம்.

வீட்டில் இப்படிப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலை மறு தொடைமேல் வைத்து, உட்பக்க ஓரத்தை மேலிருந்து கீழாக விரல் நுனியால் அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள். நான்கு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்தால் முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே புள்ளியில், விரல் நுனி அளவில் சுள்ளென்று வலித்தாலோ, ஓட ஓட வலி ஏறினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் இருக்கும். எக்ஸ்ரே சுத்தமாக வந்தும் வலி நீடித்தால் எம்ஆர்ஐ தேவைப்படலாம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், தவறிப்போனால் எலும்பு பலவீனப்படும்.

கெண்டைக்காலுக்குப் பயிற்சி: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். 15 வீதம் மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், வலிக்காத அளவில். ஓடும்போது அடியைச் சிறிதாக்குங்கள். கால் உடம்புக்கு முன்னால் எட்டி விழாமல் இடுப்புக்கு நேர்கீழே விழட்டும். தொழிற்சாலையில் நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பு போடச் சொல்லிக் கேளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓடாதீர்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நில்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேட்டவர்

அழுத்திப் பார்த்தேன், ஐயா. வலது காலில் ஆறு விரல் அகலம், இடது காலில் ஐந்து. பரவலாகத்தான் வலிக்கிறது, எந்த ஒரு புள்ளியும் தனியாகக் குத்தவில்லை. இரவில் வலி இல்லை, மாதவிலக்கும் ஒழுங்குதான். அக்கா சொன்னபடி இன்று காலை நடந்தேன். அகழித் தண்ணீரில் கோட்டைச் சுவர் தெரிவதை மூன்று வாரத்தில் இன்றுதான் பார்த்தேன்.

பதில்: காட்பாடி காந்திநகர்

புது ஷூவை மாலையில் போய் வாங்குங்கள் அம்மா, நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள்.

கேட்டவர் (எட்டு வாரம் கழித்து)

பலர் தனியாகக் கேட்டதால் எழுதுகிறேன். இரண்டு வாரம் என்று நினைத்தது மூன்றாயிற்று. 19-ஆம் நாள்தான் படிக்கட்டில் வலியில்லாமல் இறங்கினேன். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. முதல் நாள் அழுகை வந்துவிட்டது, இவ்வளவு மெதுவாகவா என்று. ஒரு பாட்டி கைவீசி நடந்து என்னைத் தாண்டிப் போனார்கள். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பின்னால் போனேன்.

மூன்றாவது வாரம் ஆசைப்பட்டு இரண்டு நாள் அடுத்தடுத்து ஓடினேன், வலது காலில் மறுபடி தெரிந்தது. உடனே ஒரு படி இறங்கினேன், நான்கு நாளில் போய்விட்டது. இந்த வாரம் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஐந்து முறை. தொழிற்சாலையில் விரிப்பு கேட்டேன், எங்கள் வரிசை முழுவதற்கும் போட்டுக்கொடுத்தார்கள்.

இப்போது கத்திரி வெயில். பகலில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, சுற்றியிருக்கும் பாறை மலைகள் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்குகின்றன, விடியலிலும் காற்று ஆறவில்லை. இதில் எப்படிச் சமாளிப்பது?

பதில்: தொரப்பாடி

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வெயிலில் ரத்தம் தோலைக் குளிர்விக்கவும் ஓட வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். வாய்ப்பாட்டை மட்டும் நம்புங்கள். உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும், அதுவரை மூன்று நிமிடத்துக்கு இறங்குங்கள். நானே கத்திரி முடியும்வரை ஓட்டத்தைப் பாதியாக்கிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர், அல்லது கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு குடியுங்கள். கூழைச் சர்க்கரைக் கணக்கில் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கோட்டை வாசலில் இருப்பேன். நீல நிறத் துப்பட்டா. பேசிக்கொண்டே ஓடலாம்.

கேட்டவர்

வருகிறேன் அக்கா. எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு பெண்கள் வரலாமா என்று கேட்கிறார்கள். இருவருக்கும் இந்த வாரம் நடை மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.