அரச அலுவலகம் நம்மைக் கேட்டு மாறியதுண்டா? மலையகத்தில் கண்டதை எழுதுங்கள்

மலைச்சாரல் எழுதியது:

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். அதனால் கவுண்டரின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். சட்டம் மாறியதும் சுற்றறிக்கை வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆபிசுக்குள்ளே உண்மையில் என்ன மாறியது, யார் கேட்டதால் மாறியது என்பதைத்தான் இங்கே சேர்த்து வைக்க நினைக்கிறேன். முதலில் என்னுடையது.

நடமாடும் சேவை, அதாவது ஆபிசே ஒரு நாள் தோட்டத்துப் பக்கம் வருவது, உங்களுக்கே தெரியும். பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாக மேசைகள். விருந்தினர் வந்து பேசி முடிக்கும்வரை சனம் வெயிலில் நிற்கும். அப்புறம் “இந்தக் கடிதம் இல்லையே, திங்கட்கிழமை ஆபிசுக்கு வாங்க” என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவோம். வந்தவர்கள் தொகை அறிக்கையில் ஏறும். வேலை முடிந்து போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் ஆபிசிலும் இப்படித்தான் நடந்தது.

புதிதாக வந்த பிரதேச செயலாளர், அடுத்த நடமாடும் சேவைக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய் ஆட்களோடு கதைத்துவிட்டு வாருங்கள் என்றார். ஆபிஸ் நேரத்தில் போனால் எல்லோரும் மலையில் இருப்பார்கள். ஆகவே சாயந்தரம் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு, பிள்ளை மடுவத்தில், அதாவது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், உட்கார்ந்தோம். முதலில் தோட்டத் தலைவர்கள்தான் பேசினார்கள்: ரோடு, கூரைத் தகரம், தண்ணீர். எல்லாம் நியாயமான கோரிக்கைகள், ஆனால் எங்கள் கவுண்டரைப் பற்றி ஒன்றும் வரவில்லை. பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோதுதான் விசயம் வெளியே வந்தது.

ஒரு அம்மா பிளாஸ்டிக் பையிலிருந்து கடதாசிகளை எடுத்துப் பாயில் வரிசையாகப் பரப்பினார். பிறப்புப் பதிவில் அவர் பெயர் ஒரு விதம். அடையாள அட்டையில் வேறு எழுத்து. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவில், வீட்டில் கூப்பிடும் பெயர். கீழே சத்தியக் கடதாசிகள், ஒவ்வொன்றிலும் சமாதான நீதவானின் சீல். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு கவுண்டரிலும் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போயிருக்கிறது. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. ஒரு நாள் டவுனுக்குப் போனால் அப்போது அவ்வளவும் போனது, பஸ் காசு வேறு.

அந்தப் பாயைப் பார்த்த பிறகுதான் எங்கள் வேலைமுறை மாறியது. நடமாடும் சேவைக்கு முன்பே ஒரு உத்தியோகத்தர் லயத்துக்குப் போய்க் கடதாசிகளைப் பார்த்து, குறைவதை எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். சேவை மதியத்துக்குப் பிறகு தொடங்கும். தோட்ட நிருவாகத்தோடு கதைத்து, காலை நிறுவை முடித்து வருகிறவர்களுக்கு அரைப் பேர் போட ஏற்பாடு செய்தோம். ஆபிசிலும் வாசலுக்குப் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்தார். வரிசையில் நிற்கும் முன்னால் அவரிடம் காட்டிவிட்டுப் போகலாம்.

அந்தச் செயலாளர் இதையெல்லாம் வாய்ச்சொல்லாக விடாமல் எங்கள் கடமைப் பட்டியலில் எழுதி ஏற்றினார். பிறகு அவர் மாற்றலாகிப் போனார். அந்த மேசை இன்னும் அங்கேயே இருக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான்.

உங்கள் பக்கம் என்ன நடந்தது? நல்லதையும் கெட்டதையும் எழுதுங்கள். ஆபிஸ் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

கொழுந்துமலை எழுதியது:

அக்கா, அந்தப் பாயில் இருந்தது எங்கள் அம்மாவின் கடதாசி மாதிரியே இருக்கிறது. ஐம்பது வயதானதும் வேலையை விட்டு ஈபீஎப் என்ற சேமலாப நிதியை எடுக்கப் போனார். பெயர் பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது, அதுவும் தனிச் சிங்களத்தில். எங்களுக்கு வரும் தபால் முதலில் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கிருந்துதான் லயத்துக்கு வரும். எங்கள் கைக்கு வரும்போதே பதில் கொடுக்க வேண்டிய தேதி முடிந்திருந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த கடை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அம்மாவின் சேமிப்புக் கணக்கு முழுதும் அவருக்குத் தெரிந்துபோனது. அம்மாவுக்கு அது பெரிய மனவருத்தம்.

எங்கள் மாதர் சங்கத்தில் இதைப் பேசினோம். பலருக்கும் இதே கதை. அப்புறம் எல்லோரும் கையொப்பம் வைத்து, கடிதங்களின் பிரதிகளோடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதினோம். 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஆணைக்குழு அது. மொழியுரிமை மீறப்பட்டால் யாரும் முறையிடலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. தமிழ் ஆட்சிமொழியானது 1987இல், பதின்மூன்றாம் திருத்தத்தில். அம்மா அப்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருந்தார்.

கொஞ்ச காலம் போய், அம்மாவுக்குக் கடிதம் அனுப்பிய அந்த ஆபிசிலிருந்து வரும் கடிதத்தில் இரண்டு மொழியும் இருந்தது. அச்சடித்த பகுதி மட்டும்தான் தமிழ், கையால் நிரப்புவது இன்னும் சிங்களம். இருந்தாலும் எதற்கான கடிதம், எத்தனையாம் திகதிக்குள் போக வேண்டும் என்பதாவது புரிகிறது. அங்கே ஒரு சிங்களத் தங்கச்சி இருக்கிறார். 2007 சுற்றறிக்கைப்படி, அந்த வருடம் யூலைக்குப் பிறகு சேர்ந்தவர்கள் மற்ற மொழியையும் படித்துத் தேற வேண்டும் அல்லவா? அந்தப் பரீட்சைக்குப் படித்தவர். அம்மாவின் விண்ணப்பத்தை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்துக் காட்டி, “சரிதானே அம்மா?” என்று கேட்டார். அவருக்குத் தமிழில் தயக்கம், அம்மாவுக்குச் சிங்களத்தில் தயக்கம். இருவரும் சேர்ந்து படிவத்தை முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

தேயிலைப்பூ எழுதியது:

வாசிக்க நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கம் அப்படியில்லை. இரண்டு தடவை வந்து வட்டமாக உட்காரவைத்து, கலர் கலராகக் கடதாசியில் எழுதவைத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். என்ன முடிவானது என்று ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. நல்ல அதிகாரி ஒருவர் வந்தார், ஓடி ஓடி வேலை செய்தார், மாற்றல் வந்தது, எல்லாம் பழையபடி. இனிக் கூட்டம் என்று கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பழைய மெம்பர் எழுதியது:

2018 பெப்ரவரித் தேர்தலில் பிரதேச சபைக்குத் தெரிவாகி இருந்தேன். அதற்கு முன்னால் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டு பெரிய சபைகள். 2012 குடிசன மதிப்பீட்டில் ஒவ்வொன்றின் பிரிவிலும் இரண்டு லட்சத்துக்கு மேல் சனம். அந்தத் தேர்தலோடுதான் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகள் வந்தன. இதற்காக நம்மவர்கள் எத்தனை வருடம் கேட்டார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சபைக்குப் போய் உட்கார்ந்தபோது முதலில் கேட்டது, “தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது, கணக்காய்வு கேட்கும்” என்பதுதான். அதற்கு அவர்கள் காட்டியது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவு. நான் தெரிவான அதே 2018இல் அது திருத்தப்பட்டது. ஆனாலும் உத்தியோகத்தர்கள் கை நடுங்கியபடியேதான் கோப்பில் கையெழுத்து வைத்தார்கள். முப்பது வருடப் பழக்கம் ஒரு வர்த்தமானியில் போய்விடாது.

எனக்கு உதவியது சட்டத்தின் இன்னொரு இடம். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பகுதிவாசிகளையும் சேர்க்கலாம். ஒரு தோட்டத்திலிருந்து இரண்டு பெண்களைச் சேர்த்தோம். தண்ணீர் எந்த ஊற்றில் கோடைக்கும் நிற்கும், குழாய் எந்த லயத்துக்கு முதலில் போனால் சண்டை வராது என்று அவர்கள் சொன்னதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தன் வரைபடத்தில் குறித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். குப்பை டிராக்டர் மட்டும் இன்றுவரை லயத்துக்கு ஏறவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஊவாக்காரன் எழுதியது:

கொஸ்லாந்தை, மீரியாபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலை நடந்த மண்சரிவு. அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, லயம் அதே இடத்தில் இருந்தது. போக வேறு காணி இல்லாதவனிடம் எழும்பிப் போ என்று சொல்லி என்ன பயன்?

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கு மழைமானி கொண்டுவந்தார்கள். கண்ணாடி மாதிரி ஒரு குழாய், பக்கத்தில் மில்லிமீற்றர் கோடு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு எளிது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும்.

வந்தவர்கள் அதைத் தோட்டத்து ஆபிஸ் முற்றத்தில் நட்டுவிட்டுப் போனார்கள். ஆபிஸ் கேற் ஐந்து மணிக்குப் பூட்டும். மழை பெய்வது ராத்திரியில். தகவல் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலிலும் தொரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், நம்பர்தான் இருந்தது, லயத்தில் ஒருவருடைய நம்பரும் இல்லை. அடுத்த கூட்டத்தில் எங்கள் பெண்கள் எழுந்து நின்று கேட்டார்கள்: “ஐயா, மண்ணு எங்க மேலதானே விழப்போகுது? குழாய எங்ககிட்ட தாங்க.” கூட்டத்துக்கு வந்த அதிகாரி அதை அப்படியே குறிப்பில் எழுதவைத்தார். மானி கோயில் மேட்டுக்கு வந்தது. பட்டியலில் லயத்துக்கு இருவர் நம்பர் ஏறியது. ஓஎல் எழுதிய ஒரு பிள்ளைக்கு வாசிக்கப் பழக்கினார்கள். டோர்ச் அடித்து, குனிந்து, கண் மட்டத்தில் வைத்துத்தான் கோட்டைப் பார்ப்பாள். மேலே நின்று பார்த்தால் தப்பாகத் தெரியுமாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி எல்லாம் மண்சரிவு. எங்களுக்கு மேலிருந்து தகவல் வரும் முன்பே போன் வேலை செய்யவில்லை. அந்தப் பிள்ளை வந்து நூறு தாண்டிவிட்டது என்றாள். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, கிழவிகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஏறினோம். எங்கள் லயத்தில் உயிர்ச்சேதம் இல்லை. வேறு இடங்களில் எத்தனை குடும்பங்கள் போயின என்று நினைத்தால் இதைச் சொல்லவே மனம் கூசுகிறது. பாதுகாப்பான காணி கேட்டு இன்னும் நிற்கிறோம். மழைமானி காணிக்குப் பதிலாகாது, அதை ஆபிஸ்காரர்கள் மறக்கக் கூடாது.

மலைச்சாரல் எழுதியது:

ஊவாக்கார அண்ணன், குறிப்பில் எழுதவைத்தார் என்றீர்களே, அந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தேயிலைப்பூ தம்பி, உங்கள் ஆட்கள் சொன்னது எதிலும் ஏறவில்லை. அதனால் அந்த அதிகாரியோடு சேர்ந்து அதுவும் மாற்றலாகிப் போய்விட்டது. இனி ஒருவர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மூன்று விசயம் கேளுங்கள்: யார் குறிப்பு எழுதுகிறார், அதன் பிரதி எங்களுக்கு எப்போது வரும், முடிவான வேலை யாருடைய கடமைப் பட்டியலில் சேரும். பதில் இல்லாவிட்டால் படம் எடுக்க விடவேண்டாம்.

நடந்து முடிந்த கூட்டங்களுக்கும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் கூட்டக் குறிப்பைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ளவும் வேண்டும்.

தேயிலைப்பூ எழுதியது:

சரி அக்கா. இரண்டு கூட்டத்தின் குறிப்பையும் கேட்டு எங்கள் அம்மா பெயரில் கொடுக்கிறோம். கூட்டத்தில் அதிகம் பேசியது அவர்தான். தமிழிலேயே கொடுக்கலாமா?

மலைச்சாரல் எழுதியது:

தமிழிலேயே கொடுங்கள், அரசியலமைப்பிலேயே அந்த உரிமை இருக்கிறது. கொடுத்த திகதியோடு பற்றுச்சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.