காலை வாராத ஷூ: ஈர அக்டோபரில் ஃபெல் ஓட்ட அனுபவங்கள்

கெண்டலிலிருந்து

வட இங்கிலாந்தின் மலைகளில் ஓடும் ஃபெல் ஓட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் செப்டம்பர் முடியும்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: நனையாத ஷூ எது? லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் பல வருடமாக ஓடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். போரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெயிட் என்று ஒரு சிற்றூர். அங்கே வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. இந்தப் பக்கம் கால் நனையாமல் ஓட வழியே கிடையாது. நனைந்த காலோடு மணிக்கணக்கில் ஓடலாம். வழுக்குகிற காலோடு பத்து நிமிடம்கூட ஒரு சரிவில் இறங்க முடியாது.

கோடையில் ஓடிய அதே பாதைதானே என்று நினைக்க வேண்டாம். அக்டோபரில் பெரணி பழுத்துச் சாய்ந்து பாதை மேலேயே படுத்துவிடும். அதன் அடியில் கல்லா, குழியா என்பது மிதித்த பிறகுதான் தெரியும். ஆடுகள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடங்களில் மண் ஊறிப்போயிருக்கும். குறுக்குச் சரிவில் கால் வைத்தால் புல்லோடு பெயர்ந்து வரும். மேலே போனால் பாறை. லாங்டேல், ஸ்கோஃபெல் பக்கமெல்லாம் பழைய எரிமலைப் பாறைதான். காய்ந்திருக்கும்போது தைரியமாகத் தாவித் தாவி ஓடலாம். நாள்கணக்கில் மழையில் ஊறி, மேலே பாசிபோல் படர்ந்த லைக்கன் வழுவழுத்த பிறகு அங்கே கால் நிற்காது.

சிக்கல் என்னவென்றால், சேறும் பாறையும் ஷூவிடம் நேரெதிரான இரண்டைக் கேட்கின்றன. சேற்றுக்கு ஆழமான ஸ்டட், அதாவது ஷூவின் அடியில் துருத்தி நிற்கும் ரப்பர் குமிழ்கள் வேண்டும், 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை. ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் இடையில் சேறு அடைத்துக்கொண்டு அடிப்பாகம் முழுக்க மழுங்கிவிடும். ஈரப் பாறைக்கோ ஸ்டட்டின் ஆழத்தால் பெரிய பயனில்லை. அங்கே மெத்தென்ற ரப்பர், முடிந்த அளவு அதிகப் பரப்பில் பாறையைத் தொட வேண்டும். ஆழமாகவும் இடைவெளி விட்டும் ஸ்டட் இருக்கிற ஷூவில் பாறையைத் தொடுகிற ரப்பரே கொஞ்சம்தான்.

இதைக் கண்ணால் பார்த்தது லாங்டேலில். ஓல்ட் டஞ்சன் கில்லில் கிளம்பி ஸ்டிக்கிள் டார்ன், எஸ்க் ஹாஸ், போஃபெல், கிரிங்கிள் கிராக்ஸ், பைக் ஓ பிளிஸ்கோ என்று சுற்றி வரும் வழி. அக்டோபரில் நடக்கும் லாங்டேல் ஹார்ஸ்ஷூ பந்தயமும் ஏறக்குறைய இப்படித்தான் போகும். என்னோடு வந்த தோழியின் ஷூவில் ஸ்டட் ஆழம், ரப்பர் கெட்டி. எஸ்க் ஹாஸ் வரைக்கும் சதுப்பிலும் புல்லிலும் அவளைப் பிடிக்கவே முடியவில்லை. போஃபெல்லின் உச்சிக் கற்களுக்கு வந்ததும் அவள் ஓட்டம் நடையாகி, நடை தவழலாகிவிட்டது. கிரிங்கிள் கிராக்ஸில் பேட் ஸ்டெப் என்று கைகளையும் ஊன்றி இறங்க வேண்டிய ஒரு பாறைச் சுவர் உண்டு. அதில் இறங்காமல், சுற்றுப்பாதையில் போனோம். பதற்றத்திலேயே அவள் சக்தியெல்லாம் கரைந்துபோயிருந்தது.

கீழே வந்து கார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, எழுபது வயது தாண்டிய உள்ளூர் ஓட்டக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவர் காலில் போல்ட்டனில் தயாராகும் வால்ஷ் ஷூ, நைந்துபோன ஜோடி. தோழியின் ஷூவைக் கையில் வாங்கி ஸ்டட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். பிறகு தன் ஷூவிலும் அழுத்தினார். அவருடையதில் நகம் பதிந்தது, அவளுடையதில் பதியவில்லை. அன்று முதல் கடைக்குப் போனால் நான் முதலில் செய்வது இதுதான். விலைச்சீட்டில் எழுதியிருக்கும் எதையும்விட இது அதிகம் சொல்கிறது.

மெத்தென்ற ரப்பர் சீக்கிரம் தேயும், அது உண்மை. 2018-இல் இனோவ்-8 நிறுவனம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ரப்பரில் கிராஃபீன் கலந்து ஷூ கொண்டுவந்ததே இந்தப் பிடிப்பா, உழைப்பா என்ற இழுபறிக்கு விடை தேடித்தான். எந்த ரப்பராக இருந்தாலும் தார் ரோட்டில் ஓடித் தேய்க்காதீர்கள். மலைக்கென்று ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெஃபீல்டிலிருந்து

அக்கா சொன்னதோடு எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்க்கிறேன். பீக் டிஸ்ட்ரிக்டில் எங்களுக்கு வாய்த்தது கிரிட்ஸ்டோன் கல். சொரசொரப்பானது, மழையிலும் சப்பாத்தைப் பிடித்துக்கொள்ளும். நிழலில் பச்சைப் பாசி படிந்த இடங்களை மட்டும் பார்த்து மிதித்தால் போதும். ஆனபடியால் எங்களுக்குப் பாறையை நினைத்துக் கவலை குறைவு, சதுப்புத்தான் பெரும்பாடு. கிண்டர் ஸ்கவுட், பிளீக்லோ இரண்டின் மேல்மட்டமும் கறுப்பு பீட் மண், செடிகொடிகள் மக்கி ஊறிக் கிடக்கும் சதுப்பு மண். மழைநீர் அதை அறுத்து அறுத்து ஆளை மறைக்கும் ஓடைகளாக்கி வைத்திருக்கிறது. ஒரு ஓடையில் இறங்கி ஏற வேண்டும், உடனே அடுத்தது.

பிளீக்லோவில் போன நவம்பர் மூடுபனிக்குள் ஓடும்போது, எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பியின் கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. இரண்டு பேர் பிடித்து இழுத்தோம். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. தோள் வரை கையை விட்டுத் துழாவித்தான் எடுத்தோம். நின்ற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே எல்லாருக்கும் உடம்பு விறைக்கத் தொடங்கியது, அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அவர் அணிந்திருந்தது ரோட்டுச் சப்பாத்தின் அளவு, விரல் முனையில் தாராளமாக இடம் விட்டு வாங்கியது. மலைச் சப்பாத்து குதிகாலை இறுகப் பிடிக்க வேண்டும். குறுக்குச் சரிவில் ஓடும்போது உள்ளே பாதம் பக்கவாட்டில் நகரவே கூடாது. அதற்காக விரல்களை நசுக்கும் அளவும் வேண்டாம். இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

இன்னொன்று, அடிப்பாகம் தடித்த மெத்தைச் சப்பாத்துகள் இப்போது நிறைய வருகின்றன. தட்டையான பாதையில் சுகம்தான். மேடுபள்ளமான புல்மேட்டில் தரையிலிருந்து உயர உயரக் கணுக்கால் புரளும் வாய்ப்பும் கூடும். நிலம் காலுக்குத் தெரியும் அளவு மெல்லிய அடிதான் எனக்கு நம்பிக்கை.

சதுப்பைப் பார்த்துப் படிக்கவும் பழகுங்கள். கோரைப்புல் நிற்கும் இடம் ஈரம்தான், என்றாலும் பெரும்பாலும் அதன் தூர் காலைத் தாங்கும். பளிச்சென்ற இளம்பச்சையில் மெத்தை விரித்ததுபோல் ஸ்பேக்னம் பாசி கிடந்தால், அழகாக இருக்கிறது என்று கால் வைக்காதீர்கள்.

செட்டிலிலிருந்து

யார்க்‌ஷயர் டேல்ஸ் சுண்ணாம்புக் கல்லைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! இங்கிள்பரோவைச் சுற்றி எத்தனையோ கால்கள் மிதித்து மெருகேறிய கல். நனைந்துவிட்டால் கண்ணாடிதான். என் அனுபவத்தில் எந்த ரப்பரும் அதில் முழுசாக நிற்பதில்லை. பக்கத்துப் புல்லில் ஓடுவதுதான் நான் செய்வது. வேலி தாண்டும் மரப் படிகளும், சதுப்பின் மேல் போட்ட பலகைகளும் அப்படித்தான். வேகத்தைக் குறைத்து, பாதத்தை முழுசாகத் தட்டையாக வைத்து, உடம்பு நேர்மேலே இருக்கும்படி தாண்டுங்கள். சரி, எனக்கு ஒரு சந்தேகம். கோர்-டெக்ஸ் என்ற நீர் புகாத சவ்வு போட்ட ஷூ ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. குளிருக்காவது உதவுமா?

மறுபடியும் கெண்டலிலிருந்து

காய்ந்த குளிர் நாளில், பனித்துகள் படிந்த புல்லில் உதவும். சதுப்பு இருக்கும் ஓட்டத்துக்கு வேண்டாம். தண்ணீர் மேல்பக்கமாக, கணுக்கால் வழியாகத்தான் நுழையும். நுழைந்த பிறகு அந்தச் சவ்வு அதை வெளியே விடாது, ஒவ்வொரு அடிக்கும் தண்ணீரைச் சுமந்து ஓட வேண்டியிருக்கும். வலைத்துணி ஷூவில் பத்திருபது எட்டுக்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். குளிருக்குக் கம்பளிச் சாக்ஸ் போடுங்கள், நனைந்தாலும் கதகதப்பு கொஞ்சம் மிஞ்சும்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிடுங்கள். பீட் மண் அமிலத்தன்மை உள்ளது, அப்படியே காயவிட்டால் மேல்துணி விறைத்து வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஊறியதும் மாற்றுங்கள். ரேடியேட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் பசை விட்டு அடிப்பாகம் பெயரும்.

அப்புறம், ஷெஃபீல்ட் தம்பி சொன்ன அந்த விறைப்பு எனக்கு மனதில் நிற்கிறது. நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும், காற்று வேறு. ஷூ எவ்வளவு நல்லதானாலும் ஒருவர் கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் நின்றாக வேண்டும். பந்தயங்களில் கேட்கிற அதே சாமான்களைப் பயிற்சிக்கும் எடுத்துப் போங்கள்: தண்ணீர் புகாத மேல்சட்டையும் பேண்டும், தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசரத்துக்குச் சாப்பாடு. ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு. போனில் சிக்னல் கிடைத்தால் 999, போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், மாலை சீக்கிரமே இருட்டிவிடும், அதனால் மதியத்துக்கு மேல் கிளம்புகிறவர்கள் பையில் ஹெட்டார்ச்சும் இருக்கட்டும்.