மறு: டிபவுன்ஸுக்குத் தமிழ் - என் ஓட்டு "துள்ளல் வடிப்பு"க்கு

எல்லாருக்கும் வணக்கங்க,

பட்டனை ஒரு தடவை அமுக்குனா சுவிட்ச் உள்ள துள்ளி (அதான் பவுன்ஸ்) பல தடவை அமுக்குன மாதிரி பதிவாகுதே, அதைச் சரிபண்ற டிபவுன்ஸுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கற இந்த இழை நீண்டுகிட்டே போகுது. அதிர்வு நீக்கி, எகிறல் தடுப்பி, துள்ளல் அடக்கி, அப்புறம் "டிபவுன்ஸ்னே விட்டுடலாமே"ன்னு நாலு கட்சி ஆயிருச்சு. பசங்களுக்குக் குடுக்கற பட்டன் ஒயரிங் தாள் அச்சுக்குப் போறதுக்குள்ள ஒரு முடிவு வேணும்ங்கறதால நான் கொஞ்சம் விரிவாவே எழுதறேன். என் கருத்து இதுதான்: பவுன்ஸுக்கு "துள்ளல்", டிபவுன்ஸுக்கு "துள்ளல் வடிப்பு". காரணம் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பட்டனுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருக்கா பாத்துருவோம், ஏன்னா இங்க நடந்த வாதத்துல பாதி அதை ஆளுக்கொரு மாதிரி நினைச்சுக்கிட்டதால வந்ததுதான்.

நம்ம சின்ன ஆர்கேட் கேம் பெட்டியில, அதாவது கேபினெட்ல, போடற 6 மிமீ டாக்ட் சுவிட்சை (சின்ன அமுக்கு சுவிட்ச்) எடுத்துக்குங்க. உள்ள லேசா மேடா வளைஞ்ச ஒரு சின்னத் தகடு இருக்கும், அமுக்குனா அது குழிஞ்சு கீழ இருக்கற காண்டாக்டைத் தொடும். தொட்டதும் அப்படியே நின்னுடாது, ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யற தகடுங்கறதால மோதி விலகி, திரும்ப மோதி விலகி, அதுக்கப்புறம்தான் படியும். எல்லாம் சில மில்லிசெகண்ட் சமாச்சாரம், விரலுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அர்டுயினோ உனோ போர்டுல இருக்கற ஏடிமெகா328பி சிப் 16 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது, ஒரு பின்னைப் படிக்க அதுக்கு சில மைக்ரோசெகண்ட் போதும், 5 மில்லிசெகண்ட் துள்ளலுக்குள்ள நூத்துக்கணக்கான தடவை படிச்சுத் தள்ளிரும். அதனாலதான் காயின் பட்டனை ஒரு தடவை அமுக்குனா திரையில கிரெடிட் மூணுன்னு வந்து நிக்குது, கட்டை அடுக்கற கேம்ல ஒரு திருப்பு திருப்பினா கட்டை ரெண்டு திருப்பு திரும்பி தப்பான சந்துல போய் உக்காந்துக்குது. இன்டரப்ட்ல, அதாவது பின் மாறுன உடனே சிப் கைவேலையை விட்டுட்டு கவனிக்கற மாதிரி, கட்டியிருந்தீங்கன்னா இன்னும் மோசம், உனோவோட 2ஆம் பின், 3ஆம் பின்ல மாட்டி வச்சா ஒவ்வொரு துள்ளலும் தனித்தனி அமுக்கலாவே கணக்காகலாம்.

வோல்டேஜைக் கோடா வரைஞ்சு காட்டற ஆசிலோஸ்கோப்ல பாத்தவங்களுக்கு இது மறக்காதுங்க. 5 வோல்ட்ல நேரா போயிட்டிருந்த கோடு சடார்னு பூஜ்யத்துக்கு விழும், உடனே மேல ஏறும், விழும், பாதி தூரம் ஏறி மறுபடி விழும், ஏறி விழற இடைவெளி குறைஞ்சுகிட்டே வந்து கடைசியா பூஜ்யத்துலயே படுத்துக்கும். பட்டனை விடும்போதும் இதே கதைதான், அதை நிறைய பேர் மறந்துடறாங்க, அமுக்கும்போது மட்டும் கவனிச்சு புரோகிராம் கோடு எழுதிட்டு விடும்போது ஏன் இன்னொரு குண்டு பாயுதுன்னு தேடறாங்க.

இப்ப பேருக்கு வருவோம். முதல்ல பவுன்ஸ்.

ஐயா "அதிர்வு"ன்னு சொல்லியிருந்தீங்க. பொருள்படி தப்பில்லீங்க ஐயா, ஆனா நம்ம துறையில அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே வேலை அதிகம். அதிர்வெண் இருக்கு, கன்ட்ரோலர்ல வைப்ரேஷன் மோட்டார் இருக்கு, அது அதிர்வு. ஒரே தாள்ல "அதிர்வு நீக்கவும்"னு போட்டா மோட்டாரைக் கழட்டறதா, கோடை மாத்தறதான்னு குழம்பும். "துடிப்பு"ம் முடியாது, பல்ஸுக்குப் போயிருச்சு. "நடுக்கம்"கறதை, சிக்னல் வர்ற நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகற ஜிட்டருக்கு வச்சுக்கலாம், அது வேற விஷயம்.

அம்மாபேட்டை அக்கா சொன்ன "எகிறல்" எனக்கு ரொம்பப் பிடிச்சுது, பேச்சுல அப்படித்தான் வருது, சுவிட்ச் எகிறுதுன்னு சொன்னா யாருக்கும் விளங்கும். ஒரே ஒரு தொல்லை என்னன்னா வோல்டேஜ் திடீர்னு ஏறுனாலும் நாம "எகிறிருச்சு"ன்னுதான் சொல்றோம். சப்ளை எகிறுனா சிப் செத்துரும், சுவிட்ச் எகிறுனா கிரெடிட் கூடும், ரெண்டுக்கும் ஒரே சொல்லுன்னா ஆபத்துங்க்கா. எகிறலை சப்ளை பக்கம் விட்டுட்டு சுவிட்சுக்கு துள்ளல்னு வச்சுக்கலாம். துள்ளுன்னா ஒரே இடத்துல மேலயும் கீழயும், அதுவும் தானா, யாரும் தூண்டாம. தகடு செய்யறது அச்சு அசலா அதேதான்.

டிபவுன்ஸுக்கு வந்தாத்தான் சிக்கல் ஆரம்பிக்குது. "நீக்கம்", "அடக்கம்", "தடுப்பு" மூணுமே எனக்கு ஒத்துவரல, ஏன்னா மூணும் துள்ளலே இல்லாமப் போயிருதுன்னு சொல்லுது. அது இல்லாமப் போறதில்லீங்க! நீங்க என்ன கோடு எழுதுனாலும், எத்தனை கெபாசிட்டர் வச்சாலும், உள்ள அந்தத் தகடு துள்ளத்தான் செய்யும். நாம பண்றதெல்லாம் அந்தத் துள்ளல் எண்ணிக்கையில சேராம பாத்துக்கறதுதான்.

நாம பண்ற வழிகளை ஒவ்வொண்ணா வச்சுப் பாருங்க. கெபாசிட்டர் வழி: இன்புட் புல்-அப் (பட்டன் அமுக்காதப்ப பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கற ஏற்பாடு) போட்டா சிப்புக்குள்ளயே 20லேர்ந்து 50 கிலோஓம் வரைக்கும் ஒரு தடை இருக்கு, பட்டன் குறுக்கால 104 நம்பர் கெபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட், வச்சா நேர மாறிலி, அதாவது வோல்டேஜ் எவ்வளவு மெதுவா ஏறும்ங்கற அளவு, 2லேர்ந்து 5 மில்லிசெகண்ட் வரும். தகடு விலகுன உடனே வோல்டேஜ் மேல ஏறப் பாக்கும், ஏறி முடிக்கறதுக்குள்ள தகடு திரும்பத் தொட்டுரும், அதனால சிப் கண்ணுக்கு அது படாது. இன்னும் சுத்தமா வேணும்னா நடுவுல ஒரு 74எச்சி14 ஷ்மிட் டிரிகர் (மெதுவா ஏறி இறங்கற வோல்டேஜைப் பளிச்னு 0, 1 ஆக்கற சிப்) வைக்கலாம்.

லாட்ச் வழி: பெரிய ஆர்கேட் பட்டனோட மைக்ரோசுவிட்ச்ல மூணு கால் இருக்கும் பாருங்க, பொது, சாதாரணமா திறந்தது, சாதாரணமா மூடுனது. பொதுவா ரெண்டு காலைத்தான் நாம பயன்படுத்தறோம், மூணாவது சும்மா கிடக்கும். அந்த மூணையும் ரெண்டு நாண்ட் கேட்ல கட்டுன எஸ்ஆர் லாட்ச்சுக்கு (கடைசியா வந்த நிலையை ஞாபகம் வச்சுக்கற சுற்று) குடுத்தா, அந்தப் பக்கம் முதல் தொடல்லயே லாட்ச் மாறிரும், அதுக்கப்புறம் தகடு எவ்வளவு துள்ளுனாலும் எதிர்ப்பக்கக் காலைத் தொடாத வரைக்கும் அது மாறவே மாறாது. ஒரு 74எச்சி00க்குள்ள நாலு நாண்ட் இருக்கு, ஆக ரெண்டு பட்டனுக்கு ஒரு சிப். டைமரும் இல்ல, காத்திருப்பும் இல்ல. ஃபயர் பட்டனுக்கு இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது, நம்ம ஆளுங்க இதை அதிகம் செய்யாதது வருத்தமா இருக்கு.

கோடு வழியில அர்டுயினோவோடவே வர்ற உதாரணத்துல 50 மில்லிசெகண்ட் நிலையா இருந்தாத்தான் ஏத்துக்கும். விளக்கு போட்டு அணைக்க அது போதும். கேமுக்கு? செகண்டுக்கு 60 பிரேம்னா ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்ட், 50ன்னா மூணு பிரேம் தாமதம். விளையாடற பசங்க கையில உடனே தெரிஞ்சிரும், "ஸ்டிக் கனமா இருக்கு"ம்பாங்க. அதுக்குப் பதிலா பட்டனுக்கு ஒரு பைட் வச்சு, மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை படிச்சு ஒவ்வொரு பிட்டா உள்ள தள்ளி, எட்டும் ஒரே மாதிரி இருந்தா மட்டும் ஏத்துக்கலாம், 8 மில்லிசெகண்ட்ல வேலை முடிஞ்சுது. எட்டு பட்டனுக்கு எட்டே பைட். உனோவுல மொத்த ராமே 2048 பைட், அதுல 128க்கு 64 புள்ளி ஓஎல்இடி திரைக்கே 1024 பைட் போயிருது, அதனால இந்தச் சிக்கனம் உபயோகமான சிக்கனம். ராஸ்ப்பெரி பை பீக்கோ போர்டு வச்சிருக்கறவங்களுக்கு 264 கேபி ராம் இருக்கு, அவங்க கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு வழி, பிரேமுக்கு ஒரே ஒரு தடவை மட்டும் பட்டனைப் படிக்கறது. துள்ளல் 16 மில்லிசெகண்டுக்குள்ள அடங்கிருச்சுன்னா அது தானா கழிஞ்சு போயிரும்.

இந்த எல்லா வழிக்கும் பொதுவா என்ன இருக்கு? துள்ளல் வருது, நாம அதைப் பிரிச்சு விட்டுட்டு அமுக்கலை மட்டும் எடுத்துக்கறோம். சோறு வடிக்கும்போது கஞ்சியே வராம யாரும் பண்றதில்ல, வந்த கஞ்சியை இறுத்துட்டு சோத்தை வச்சுக்கறோம். அதனாலதான் வடிப்பு. அதுவும் வினையா எவ்வளவு சுலபமா புரளுதுன்னு பாருங்க: "துள்ளலை வடிச்சியா?", "வடிக்காத பின்", "இந்த பட்டன் வடிச்சு வருது", "காயின் பட்டனுக்கு மட்டும் வடிக்க மறந்துட்டான்". "துள்ளல் நீக்கம் செய்தாயா"ன்னு சால்டரிங் அயர்னைக் கையில வச்சுக்கிட்டு எவனும் கேக்க மாட்டான்.

ஐயா, 'டி'ங்கற முன்னொட்டு வந்தா தமிழ்ல 'நீக்கம்' வரணும்னு எழுதியிருந்தீங்க. ஆங்கிலக்காரன் அவன் வசதிக்கு ஒரு முன்னொட்டை ஒட்டுனான், நாம அந்த ஒட்டை இங்க கொண்டுவரக் கட்டாயம் இல்லீங்களே. செயலைப் பாத்து வைப்போம். வடிப்பான்னா ஃபில்டர்னு ஏற்கனவே இருக்கேன்னு அக்கா கேட்டதும் நியாயம்தான், ஆனா இதுவும் ஒரு வகை ஃபில்டர்தான்க்கா, அந்த கெபாசிட்டர் வழி அப்பட்டமான தாழ்பட்டை வடிப்பான், அதாவது வேகமான மாத்தத்தை விடாம மெதுவானதை மட்டும் விடற லோ-பாஸ் ஃபில்டர். முன்னாடி துள்ளல்னு இருக்கறதால எதை வடிக்குதுன்னு தெரிஞ்சிருது.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. டிபவுன்ஸ் டைம்னு ஒரே பேரை வச்சுக்கிட்டு நாம ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கறோம். தகடு துள்ளற நேரம் "துள்ளல் நேரம்", அது சுவிட்சோட குணம், அளந்து பாக்கணும். நாம காத்திருக்கற நேரம் "வடிப்பு நேரம்", அது நம்ம கையில. வடிப்பு நேரம் துள்ளல் நேரத்தைவிடக் கூட இருக்கணும், முடிஞ்சா ஒரு பிரேமைத் தாண்டக் கூடாது. இந்த வரியைத் தாள்ல அப்படியே போடலாம்னு நினைக்கறேன். அதே மாதிரி, முதல் தொடலையே ஏத்துக்கிட்டு அப்புறம் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கற வகைக்கு "முந்து வடிப்பு", நிலையாகற வரைக்கும் பொறுத்திருந்து ஏத்துக்கற வகைக்கு "பொறு வடிப்பு". ஃபயருக்கு முந்து, காயினுக்கு பொறு. முந்து வடிப்புல ஒயர்ல வர்ற சின்ன இரைச்சலும் அமுக்கலா உள்ள வந்துரும், காயினுக்கு அது ஆகாது, அதான்.

ஏற்காட்டுத் தம்பிக்கு ரெண்டு வார்த்தை. உன் கேபினெட்ல வடிப்பு நேரத்தை 20, 30, 50ன்னு ஏத்திக்கிட்டே போயும் சரியாகலைன்னு எழுதியிருந்த. அது துள்ளலே இல்லைப்பா. துள்ளல் அமுக்கும்போதும் விடும்போதும் மட்டும்தான் வரும். அமுக்கிப் பிடிச்சிருக்கும்போதே விட்டு விட்டு வருதுன்னா காண்டாக்ட் கெட்டிருக்கு, இல்ல ஈயம் சரியா பத்தல. அங்க மலை மேல மழைக்காலத்துல மூட்டம் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும், அந்த ஈரத்துல காண்டாக்ட் கெடறது சகஜம், வெள்ளி கலந்த காண்டாக்ட் எப்படிக் கறுக்கும்னு சேலம் செவ்வாய்ப்பேட்டையில எந்தக் கொலுசுப் பட்டறையிலயும் கேட்டுப் பாரு. சுவிட்சை மாத்து, கோடைத் தொடாத. இதுக்கு "தொடுகைக் கோளாறு"ன்னு தனிப் பேர் வச்சுட்டா அடுத்து வர்றவங்க உன்ன மாதிரி கோடுக்குள்ள தேடிக்கிட்டு இருக்க மாட்டாங்க.

தமிழ் எதுக்கு, எல்லாரும் டிபவுன்ஸ்னுதானே சொல்றாங்கன்னு கேட்ட பாரு, அதுக்கும் சொல்றேன். ஐசி, சிப், பட்டன், கெபாசிட்டர் எதையும் மாத்தச் சொல்லி நான் கேக்கல, அதெல்லாம் கையில புடிச்சுக் காட்டற பொருள், பேர் எதுவா இருந்தாலும் பொருள் கண்ணுக்குத் தெரியுது. துள்ளல் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணுக்குப் பேரே விளக்கமா இருந்தாகணும். டிபவுன்ஸ்னு எழுதுனா ஏழாங்கிளாஸ் பையன் அந்த வரியைக் காப்பி அடிச்சுட்டுப் போயிருவான், துள்ளல்னு எழுதுனா "எது துள்ளுது?"ன்னு கேப்பான். அப்புறம், 1916லயே ராஜாஜி தமிழ்ல அறிவியல் சொல் ஆக்கறதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு, தாவரவியல்லேர்ந்து வானியல் வரைக்கும். சேலம் முனிசிபாலிட்டிக்கு சேர்மனா உக்காந்தது அதுக்கு அடுத்த வருஷம். இந்த ஊருக்காரங்களுக்கு இது புதுப் பழக்கம் ஒண்ணும் இல்ல தம்பி.

ஆட்சேபனை இருக்கறவங்க தாராளமா எழுதுங்க, ஆனா சொல்லை மட்டும் போடாம ஒயரிங் தாள்ல வர்ற மாதிரி ஒரு முழு வாக்கியத்துல வச்சு எழுதுங்க, அப்பத்தான் வாயில வருதா இல்லையான்னு தெரியும். நான் வச்சிருக்கற வாக்கியம் இது: "பட்டன் 1லேர்ந்து 4 வரைக்கும் முந்து வடிப்பு 5 மில்லிசெகண்ட், காயினுக்கும் ஸ்டார்ட்டுக்கும் பொறு வடிப்பு 15 மில்லிசெகண்ட்." இதைவிடச் சின்னதா, தெளிவா யாராவது எழுதிக் காட்டுனா என் ஓட்டை மாத்திப் போட எனக்குத் தயக்கமே இல்லீங்க.

அடுத்து புல்-அப் இருக்கு. ஐயாவோட "மேலிழு தடை" எனக்கு சம்மதம், அதுக்குத் தனி இழை ஆரம்பிச்சுக்கலாம்.